பதினோராவது வரி

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, அண்ணன் மகளுக்கு வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினேன். சிலேட்டு ஒன்று. சிலேட்டுக் குச்சி இரண்டு, ஒன்று உடைந்தால் இன்னொன்று. துடைக்கத் துணி. உட்காரச் சின்னத் தடுக்கு. எண்ணிப் படிக்க ஒரு சிரட்டை புளியமுத்து. கைக்குட்டை. சட்டை இரண்டு, ஒன்றை அண்ணன் தைத்து முடித்திருந்தான், மற்றது மெஷினில் இருந்தது. ஒவ்வொன்றும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அதற்கு நேரே ஒரு கோடு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வருவதற்குள் எல்லாக் கோடும் விழுந்துவிட்டது. அந்தத் தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதில் எதுவும் விட்டுப்போகவில்லை.

அவளுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் புதிதாக ஒரு வகுப்பு வைத்திருந்தார்கள். பலகையில் கிண்டர்கார்ட்டன் என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் மணல் பரப்பிய பெட்டியில் விரலால் எழுதியதால் ஊரில் அதை மணல் வகுப்பு என்றார்கள். அண்ணன் மனைவியை நான் மைனி என்று கூப்பிடுவேன்; பிள்ளைக்கு நான் மாமி. மைனிக்கு எழுத்து தெரியாது. கோயிலில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவள் தாளைப் புரட்டும்போது தானும் புரட்டுவாள். மகள் படிக்க வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பிள்ளைக்கு நான்கு வயதானதிலிருந்து, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் சந்தைக்குப் போவாள். அது சுற்றுவழி.

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் நர்ஸுக்குப் படித்துத் தேறி, தோல் வியாதிப் பிரிவில் வேலை பார்த்தேன். அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். ஒவ்வொரு வருடமும் இடவ மாதம், அதாவது வைகாசியில், பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் எங்கள் டாக்டரும் நானும் போய், புதிதாகச் சேர வந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவோம். அதற்கு ஒரு படிவம் உண்டு. முன்பெல்லாம் டாக்டர் ஞாபகத்திலிருந்து பார்ப்பார்; சில பிள்ளைகளுக்குக் கண்ணைப் பார்க்க விட்டுப்போகும், சில பிள்ளைகளுக்குக் காதை. நான் வேலைக்கு வந்த முதல் வருடமே உட்கார்ந்து அதைப் பதினொரு வரியாக எழுதிக் கொடுத்தேன். தலையில் பேன், சொறி, கண், காது என்று போகும். பத்து வரி வரைக்கும் எது இருந்தாலும் வழி உண்டு. மருந்து கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொல்லலாம். பதினோராவது வரி, உணர்ச்சி இல்லாத தேமல். அதற்கு நேரே உண்டு என்று விழுந்தால் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். திரும்பி வரும் நாள் எழுதுவதற்கு அந்த வரியில் நான் இடம் விடவில்லை. டாக்டர் படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

அந்த வருடம் பங்குனியில் ஒரு சனிக்கிழமை, பிள்ளையைக் கிணற்றடியில் நிறுத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். இடது கையில், முழங்கைக்கு மேலே வெளிப்புறமாக, தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது. பெரிய சட்டைப் பொத்தான் அளவு. வெயிலில் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. அந்த இடம் மட்டும் உலர்ந்து கிடந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். பூனைமயிர் இல்லை. மீதி எண்ணெயையும் தேய்த்துக் குளிப்பாட்டி, தலை துவட்டி அனுப்பினேன்.

ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் குஷ்டம் என்று எழுதும் அந்த நோயை ஊரில் பெருநோய் என்பார்கள். எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

அதைச் சோதிக்கும் முறை எளிது. நோயாளியின் கண்ணைத் துணியால் கட்ட வேண்டும். கோழித் தூவலின் மெல்லிய இறகு நுனியால் உடம்பில் பத்து இடத்தில் மெல்லத் தொட வேண்டும். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். தேமலில் தொட்டதை மட்டும் காட்டாமல் விட்டால், அதுதான். இதை நான் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் செய்திருக்கிறேன். மறுநாள் சாயங்காலம் வீட்டின் பின்பக்கம் அவளை உட்கார்த்தி, தொட்டால் காட்டு என்று ஒரு விளையாட்டாகச் சொன்னேன். துணியை எடுத்ததும் அலறினாள். மூன்று வயதில் கண்நோய் வந்து ஒரு வாரம் அவள் கண்ணைக் கட்டிப் போட்டிருந்தோம். அந்தப் பயம் போகவில்லை. அதனால் துணி வேண்டாம் என்று விட்டேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். இறுக்கமாக மூடிக்கொண்டாள்.

பத்தில் ஏழு காட்டினாள். தேமலில் மூன்று முறை தொட்டேன், மூன்று முறையும் கண்ணை மூடியபடியே, "எப்ப மாமி தொடுவ?" என்று கேட்டாள்.

டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மரவெட்டி எண்ணெய் ஊசி போட்டுத் தேமல் மங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தானாகவே மங்கிய பிள்ளைகளும் உண்டு. இடவத்துக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. கொஞ்சம் எண்ணெயை ஒரு குப்பியில் கொண்டுவந்து தினமும் தேய்த்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் தூவலை எடுத்தேன். ஒரு நோட்டில் பத்துக் கட்டம் போட்டு, எத்தனை சரி என்று குறித்தேன். ஏழு, ஏழு, ஆறு, ஏழு. பிள்ளைக்குச் சலிக்காமல் இருக்க, நிறையக் காட்டினால் கருப்பட்டித் துண்டு என்று சொல்லியிருந்தேன். ஏழு காட்டியும் நான் கருப்பட்டியை எடுக்காததால் அவள் என் முகத்தையே பார்ப்பாள். எனக்கு முகம் மாறாது என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன தெரிந்ததோ.

மைனி முதலில் அடுக்களை வாசலில் நின்று சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள். இரண்டாவது வாரம் ஒருநாள், பிள்ளை விளையாடப் போனதும் கிட்ட வந்தாள்.

"அவளுக்க கையில அது என்னதுட்டி?"

"தேமல், மைனி."

"தேமலுக்கு எதுக்கு கோழித் தூவலு?"

நான் நோட்டை மூடினேன்.

"நீ சொல்லு மக்கா. நான் ஒண்ணும் கத்த மாட்டேன்."

"இப்ப ஒண்ணும் உறுதியா சொல்ல முடியாது, மைனி."

"பள்ளிக்கூடத்துல பாப்பாவளா இதெல்லாம்?"

"பாப்பாவ."

"ஆரு பாப்பா?"

"நான்தான்."

"அப்ப செரி," என்று சொல்லிவிட்டு மைனி உள்ளே போனாள். அந்த இரண்டு வார்த்தைக்கு அவள் என்ன பொருள் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அவள் பின்னால் போய் எதையும் திருத்தவில்லை.

அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் தையல்காரன். அப்போது பெண்பிள்ளைகளுக்குப் பலூன் கை வைத்த சட்டை புதுசாக வந்திருந்தது. மகளின் பள்ளிக்கூடச் சட்டைக்கு அதை வைக்க வேண்டும் என்று எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மைனி முழுக்கை கேட்டாள்.

"ஏட்டி, நான் பிள்ளைக்குத் தைக்கேனா, உபதேசியாருக்குத் தைக்கேனா?"

"கொசு கடிக்கி. முழுக்கை வையும்."

"கொசு பள்ளிக்கூடத்துல சேரப் போவுதா? கழுத்துக்கு ஒரு பித்தானும் வச்சி, கையில ஒரு பைபிளையும் குடுத்திருவோம். ஞாயித்துக்கிழம பிரசங்கம் பண்ணட்டும்."

பிள்ளை சிரித்தாள். மைனி சிரிக்கவில்லை. "நான் சொன்னா கேளும்," என்றாள். அவன் முனகிக்கொண்டே முழுக்கைக்குத் துணி வெட்டினான்.

சித்திரை கடைசியில் ஒரு சாயங்காலம், அவள் பத்தையும் காட்டினாள்.

நான் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார்த்தேன். பத்து. தேமலில் தொட்ட உடனே விரல் அங்கே போனது. நடுவில் தொடாமலே "தொட்டாச்சு" என்று சொல்லி ஏமாற்றிப் பார்த்தேன், "பொய்யி" என்றாள். அந்த வாரம் நோட்டில் பத்து, பத்து, பத்து என்று எழுதினேன். எண்ணெய் வேலை செய்கிறது, உணர்ச்சி திரும்புகிறது என்று எனக்கு நானே முடிவு செய்தேன். நிறம் மாறவில்லைதான், நிறம் பிந்தித்தான் வரும் என்று படித்திருந்தேன். ஒவ்வொரு முறையும் கருப்பட்டி கொடுத்தேன். என் கையை நக்கிக்கூடத் தின்றாள்.

அடுக்களைக்குப் போய், "மைனி, பலூன் கையே வைக்கச் சொல்லுங்க," என்றேன்.

மைனி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "மாறிற்றா?"

"மாறுது."

அவள் அண்ணனிடம் சொல்லப் போகும்போது ஓடித்தான் போனாள். வெட்டிய துணியைக் குட்டையாக நறுக்கிச் சுருக்கி, இரண்டு பக்கமும் பூசணிப் பிஞ்சு மாதிரி அவன் பலூன் கை வைத்தான்.

திங்கட்கிழமை காலையில் நல்ல மழை. அண்ணன் கடையைத் திறக்கவில்லை. குடையை மகளுக்கு மேல் பிடித்து அவன் நனைந்துகொண்டே வந்தான். மைனி தடுக்கையும் சிலேட்டையும் சேலைக்குள் மூடிக்கொண்டாள். தலை நிறையத் தோவாளைப் பிச்சிப்பூ வைத்த பிள்ளை புளியமுத்துச் சிரட்டையை யாரிடமும் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டாள். நான் முன்னாலேயே போய்விட்டதால் இதையெல்லாம் பிறகுதான் கேட்டேன்.

பள்ளிக்கூடத்தின் கடைசி அறையில் ஒரு பெஞ்சு, ஒரு மேசை. டாக்டர் களியக்காவிளைக்கு மேற்கே உள்ளவர், மலையாளி. என் படிவங்களை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாகக் கேட்பார். நான் பிள்ளையைப் பார்த்துப் பதில் சொல்வேன். அவர் எழுதுவார். தாய்மார் பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு வராந்தாவில் நின்றார்கள்.

"தலையில பேனு இருந்தா சேக்க மாட்டாவளாமே?"

"பேனுக்குத் தனி வகுப்பு இருக்குட்டி. அதுக்க டீச்சரு ஒனக்க மாமியாரு."

ஓடு அதிரப் பெய்த மழைக்கு மேலாக அவர்கள் சிரிப்பு கேட்டது.

ஆறாவதாக வந்தது கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் ஒருத்தியின் மகள். கண்ணைக் கட்டினேன். முதுகில் இரண்டு இடத்தில் அந்தப் பிள்ளைக்குத் தூவல் தெரியவில்லை. டாக்டர் "பதினொண்ணு?" என்று கேட்டார். "உண்டு" என்றேன். அந்தத் தாய் உள்ளே வந்து, காரணம் என்ன என்று கேட்டாள். "விதி அப்படி, அம்மா," என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. மழை விடட்டும் என்று பிள்ளையோடு வராந்தாவின் கோடியில், மற்றவர்களை விட்டுத் தள்ளிப் போய் நின்றாள். ஜன்னல் வழியாக இருவரையும் பார்க்க முடிந்தது.

அண்ணன் மகள் பதினான்காவது. உள்ளே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சட்டையைக் கழற்றும்போது, "பலூன அமுக்காத மாமி," என்றாள். பத்து வரியும் இல்லை, இல்லை என்றே போனது. துணியை எடுத்தேன். முன்னால் வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் கட்டினேன், அதனால் இவளுக்கும் கை தானாகவே கட்டியது. அவள் உடம்பு விறைத்தது. ஆனால் அழவில்லை, பெரிய பிள்ளை ஆகிவிட்டாள் என்று அவளிடம் எல்லோரும் காலையிலிருந்து சொல்லியிருந்தார்கள்.

தூவலால் கன்னத்தில் தொட்டேன். காட்டினாள். வலது கையில் தொட்டேன். காட்டினாள். முழங்கைக்கு மேலே, தேமலில் தொட்டேன்.

விரல் வரவில்லை.

கொஞ்சம் அழுத்தித் தொட்டேன். அவள் தலையைச் சாய்த்து, காத்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"துணிய கெட்டினா நான் எப்பிடி மாமி பாத்துக் காட்ட? வீட்டுல மாதிரி விடு. நான் கொஞ்சம்போல தொறந்து பாத்துக்கிடுதேன்."

அவள் ஏமாற்றவில்லை. பத்தும் காட்டினால் மாமிக்குச் சந்தோஷம் என்று கண்டுபிடித்திருந்தாள். அதற்கு ஒரு வழியையும் கண்டுபிடித்திருந்தாள். கண்ணைக் கட்ட வேண்டும் என்பது சோதனையின் முதல் படி. எழுதப் படிக்கத் தெரியாத பணிப்பெண்களுக்கே அதை நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"பதினொண்ணு?" என்றார் டாக்டர்.

அவர் முதுகைத்தான் பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். என் வாயில் வருவதை எழுதுவார். மழை குறைந்திருந்தது. மீன்காரி தன் மகளின் தலையில் முந்தானையைப் போட்டு மூடி, புறப்படத் தயாராக நின்றாள்.

"சிஸ்டர்? பதினொண்ணு?"

"உண்டு," என்றேன்.

பேனா நின்றது. அவர் திரும்பினார். பிள்ளையை அவருக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். எழுந்து வந்து, தேமலை விரலால் நீவிப் பார்த்து, துணியை அவரே அவிழ்த்தார்.

"இது பகருகிற வகை இல்ல, மத்தவங்களுக்கு ஒட்டாது," என்றார். "எனக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும். வெளியில நிக்கிற அம்மமாருக்கு ஆரு சொல்லி விளங்க வைக்க? ஒரு பிள்ளைய வச்சிக்கிட்டா அவங்க பாக்கி பிள்ளைகள எல்லாம் கூட்டிட்டுப் போவாங்க." மேசைக்குப் போனார். வேறு ஏதாவது எழுதலாமா என்று பார்ப்பதுபோலப் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "புதன்கிழமை ஊசிக்குக் கொண்டுவாங்க."

சட்டையைப் போட்டுவிட்டு, பலூனைத் தூக்கிவிட்டேன். நானே அவளை வெளியே கூட்டிப்போனேன். பிள்ளைகள் உள்பக்கக் கதவு வழியாக வகுப்புக்குப் போவார்கள். வெளிக்கதவு வழியாக வருவதற்குப் பொருள் என்ன என்று வராந்தாவில் நின்ற எல்லோருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. மீன்காரியின் மகளைப் பார்த்திருந்தார்கள். சிரிப்பு நின்றது. ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்துப் பின்னால் விட்டுக்கொண்டாள். அவள் கோயிலில் எங்களுக்கு முந்தின வரிசையில் உட்காருபவள்.

அண்ணன் ஒன்றும் புரியாமல், "என்ன மறந்துட்டிய? தடுக்கா?" என்று கேட்டான்.

மைனிக்குப் புரிந்தது. மகள் கையிலிருந்த சிரட்டையை வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

"நீதான பாப்பேன்னு சொன்ன."

"நான்தான் பாத்தேன், மைனி."

"அதான் கேக்கியேன்."

பிள்ளைதான் வீடு வரைக்கும் பேசிக்கொண்டு வந்தாள். உள்ளே பெரிய மணல்பெட்டி இருந்ததாம், கதவிடுக்கில் பார்த்தாளாம். "மாமி துணிய கெட்டிட்டா. அதான் தோத்துட்டேன். நாளைக்கு கெட்டாண்டாம்னு சொல்லுங்கப்பா, நான் பத்தும் காட்டுவேன்," என்று அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் அப்போதுதான் குடையை மடக்கினான். மழை எப்போதோ நின்றிருந்தது.

மறுநாள் அவன் அந்தச் சட்டையை எடுத்து, பலூன் கையைப் பிரித்து, முழுக்கை வைத்தான். வெட்டிய துணியில் நீளம் போதவில்லை. மணிக்கட்டுக்கு வேறு நிறத்தில் ஒட்டுப் போட வேண்டியிருந்தது. ஊரில் பாதிப்பேர் அந்த மாதமே வேறு தையல்காரனைத் தேடிக்கொண்டார்கள். கோயிலில் எங்கள் பெஞ்சில் எங்களைத் தவிர யாரும் உட்காருவதில்லை. மைனி இப்போது சந்தைக்கு நேர்வழியில் போகிறாள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க என்னை விடுவதில்லை. வேறு எதற்கும் என்னோடு சண்டை போட்டதில்லை.

அன்றைக்கு நான் வேறு பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தாளின் நடுவில் கோடு போட்டுப் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் ஒரு வருடம், அதிகம் போனால் இரண்டு வருடம் அவள் மணலில் எழுதியிருப்பாள். அந்தப் பக்கம், நான் திருப்பி அனுப்பிய மகளோடு அந்த மீன்காரி. மேலே எழுத எனக்கு வேறு எதுவும் கிடைத்ததில்லை. இரண்டில் எது பெரிது என்றும் தெரிந்ததில்லை.

மூன்று வருடம் ஆகிறது. தேமல் இப்போது மூன்று. இடது கைச் சுண்டுவிரல் நேராக நீளவில்லை. எட்டு வயதில் அவளுக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் நான் வீட்டில் சொல்லிக் கொடுத்தவை. புதன்கிழமைகளில் ஊசிக்கு வரும்போது சிலேட்டையும் எடுத்து வருகிறாள்; ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்டால் அவர்கள் பெயரை எழுதிக் காட்டுகிறாள். பெரும்பாலோர் கேட்பதில்லை.

ஊசிக்கு முன்னால் தூவல் சோதனை உண்டு. அவளுக்கு நான் அதை இரண்டு முறை செய்கிறேன். முதலில் துணி கட்டாமல். அவள் கண்ணை மூடிக்கொண்டு, இமையைக் கொஞ்சம்போலத் திறந்து, பத்தையும் காட்டுகிறாள். நான் கருப்பட்டி கொடுக்கிறேன். அவள் அதைத் தின்று முடித்ததும் துணியை எடுக்கிறேன். கட்டிக்கொள்ள முகத்தை நீட்டுகிறாள். இரண்டாவதை மட்டும் புத்தகத்தில் எழுதுகிறேன்.